மாஸ்டரின் கடைவாய்ப்பல்

லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்தில் காலை ஆறு மணிக்கு, எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார் ஒன்று தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் இடது பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பவன் நான்தான். பெயர் செல்வராசு, வயது ஐம்பத்திரண்டு. இருபத்து நான்கு வருடமாக டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

இரண்டு மாதமாக என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மாஸ்டர், ரூட் கெனால் பண்ணிக்கினீங்களாமே, ரொம்ப வலிக்குமா?" கேட்கும்போதே ஒரு கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடுகிறது. அவர்கள் வாய்க்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பதிலை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: வலித்தது. ஆனால் வலித்ததெல்லாம் டாக்டரிடம் போவதற்கு முன்னால்.

ஆரம்பம் ஒரு பன்னீர் சோடா. வெயிலில் மூன்று பேருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஏர்போர்ட் ரோட்டில் ஒரு கடையில் ஐஸ் போட்டு வாங்கி ஒரு மடக்கு குடித்தேன். கீழ்த்தாடையில் வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல்லில் யாரோ ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகியது போல இருந்தது. பாட்டிலைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். "சோடால எதாவது கோளாறா?" என்று அவர் பதறினார். கோளாறு என் பல்லில்தான். அந்தப் பல்லில் ஒரு கரும்பொட்டு இருப்பது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். கண்ணாடியில் பார்க்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் பழகிக்கொண்டிருந்தேன்.

முதலில் குளிர்ச்சி பட்டால் மட்டும் வலித்தது. அடுத்த வாரம் சூடு பட்டாலும் வலித்தது. அதற்கடுத்த வாரம் ஒன்றுமே படாமல் வலித்தது. படுத்தால் இன்னும் மோசம். தலையைத் தாழ்த்தினால் பல்லுக்குள் ரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுமாம், அதனால்தான் படுக்கையில் அதிகம் வலிக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அது தெரியாமல், வலி என்னைக் குறிவைத்துப் படுக்கும்வரை காத்திருந்து அடிக்கிறது என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன்.

என் மனைவி மல்லிகா கூட்டுறவு பால் சங்கத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு முறை சொல்ல மாட்டாள். இந்த விஷயத்தில் மட்டும் தினமும் சொன்னாள்.

"பல் டாக்டராண்ட போங்க."

"போறேன், போறேன். இந்த பேட்ச் டெஸ்ட் முடியட்டும்."

உண்மையில் எந்த பேட்சும் இல்லை. எனக்கு ஊசி என்றால் பயம். அதை இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளிடம் சொன்னதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட மாணவர்களுடன் உட்கார்ந்து உயிரோடு திரும்பியவன் நான். அப்படிப்பட்டவன் ஊசிக்குப் பயப்படுகிறான் என்று எப்படிச் சொல்வது? கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தேன். நாக்கு வெந்தது, பல் அப்படியே இருந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். வயிறு எரிந்தது, பல் அப்படியே இருந்தது. உப்புத் தண்ணீர், கொய்யா இலை, எதிர்வீட்டுக்காரர் சொன்ன பூண்டு எல்லாவற்றையும் அந்தப் பல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

இருபத்தைந்தாம் நாள் காலையில் எழுந்தேன். வலி இல்லை. சுத்தமாக இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன், சூடான காபி குடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"பாத்தியா? டாக்டர் டாக்டர்னியே. தன்னால போயிடுச்சு" என்று மல்லிகாவிடம் மார்தட்டினேன்.

இதைப் படிப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் இந்த இடத்தை மறக்க வேண்டாம். கடுமையாக வலித்த பல் மருந்தில்லாமல் திடீரென்று அமைதியானால், பெரும்பாலும் அது குணமாகவில்லை. உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது. வலியைச் சொல்வதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அழுகல் மட்டும் சத்தமில்லாமல் வேர் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நான் மூன்று வாரம் வெற்றி விழா கொண்டாடினேன். அந்த மூன்று வாரமும் அது இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் வகுப்புக்கு வந்த ஒரு பெண்மணி, காரின் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "சாரி சார், மாஸ்டர் வரலியா?" என்று கேட்டார். நான் கண்ணாடியில் பார்த்தேன். வலது கன்னம் தனி ஆள் மாதிரி இருந்தது. பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு மணிக்கு வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. வீட்டுக்குப் போனால் மல்லிகா என் கன்னத்தைப் பார்த்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் நான், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மனைவியின் பின்னால் உட்கார்ந்து போனேன். வேகத்தடை ஒவ்வொன்றிலும் என் கன்னம் எனக்குப் பிறகு தனியாக ஏறி இறங்கியது.

பல் மருத்துவமனை மெயின் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மல்லிகா பெயர் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரைச் சரியாக நிறுத்தக் கீழே போனாள். உள்ளே இருந்து அந்தச் சத்தம் கேட்டது. கொசுவுக்குக் கோபம் வந்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். என் கால்கள் தானாக எழுந்து நின்றன. படிக்கட்டை நோக்கி இரண்டு அடி வைத்தும்விட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

மூலையில் ஒரு பெரியவர். தொப்பி, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மடியில் பிரெஞ்சுப் பத்திரிகை. லூர்துசாமி என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் எல்லோரும் மிசியே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்களாம்.

"ஒண்ணுமில்ல மிசியே, ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்றேன், திறக்காத வாயால்.

"நானும் அப்டிதான் போன் பண்ணப் போனேன். நாப்பது வருஷம் ஆச்சு" என்றார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வாய்க்குள் கையை விட்டு மேல் வரிசையை முழுதாகக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். கீழ் வரிசையையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அந்தப் பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. பல் இல்லாத வாயால் அவர் ஏதோ சொன்னார். ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் மாட்டிக்கொண்டு சொன்னார்.

"பாரீஸ்ல தாந்திஸ்த், அதான் பல் டாக்டரு, இந்த ரூட் கெனால்தான் பண்ணணும்னான். பயந்துபோய், வேணாம், புடுங்கிடுன்னேன். அடுத்த பல்லுக்கும் அதேதான் சொன்னேன். சண்டைக்குப் போன ஆளு நான், மிசியே. ஒரு பல்ல கூட காப்பாத்தல. இப்ப இந்த செட்டு ஈறுல உராயுதுன்னு மாசா மாசம் இங்க வந்து குந்தினு இருக்கேன். வாங்க, குந்துங்க."

உட்கார்ந்தேன். கைக்குட்டையில் பற்களைக் காட்டிப் பேசுகிறவரிடம் எதிர்த்துப் பேச முடியாது. என் பெயரைக் கூப்பிட்டபோது மல்லிகாவும் வந்துவிட்டாள். உள்ளே போனோம்.

டாக்டர் முப்பது வயதுப் பெண். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. என்னைப் பார்த்ததும் அந்தக் கண்கள் ஒரு நொடி நின்றன.

"மாஸ்டர்?"

"என்னைத் தெரியுமா?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்டதான் டிரைவிங் கத்துக்க வந்தேன். நிவேதா."

எனக்கு நினைவில்லை. வருடத்துக்கு நூறு பேரைப் பார்க்கிறவன். ஆனால் என் மாணவி என்றதும் பாதிப் பயம் போய், பழைய மாஸ்டர் தலை தூக்கினான். "அப்டியா! லைசென்ஸ் எடுத்துட்டியாம்மா? இப்ப கார்லதான வர்றே?" என்றேன். அவர் விளக்கை என் வாய்ப்பக்கம் திருப்பினார்.

"வாயத் தொறங்க, மாஸ்டர்" என்றார்.

சிறிய எக்ஸ்ரே ஒன்றை வாய்க்குள் வைத்து எடுத்தார். அதற்கு வலியே இல்லை, அட்டையைக் கடித்துக்கொண்டிருப்பது போலத்தான். திரையில் என் பல் பெரிதாக வந்தது. வேரின் நுனியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கரிய நிழல் இருந்தது.

"பல்லு வெளிய கல்லு மாதிரி இருக்கும். நடுவுல ஒரு அறை இருக்கு. அதுல நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் இருக்கும். அதுலேர்ந்து வேர் நுனி வரைக்கும் மெல்லிசா குழாய் போவும். அதத்தான் கெனால்னு சொல்றோம். உங்க சொத்தை அந்த அறைக்குள்ள பூந்து, உள்ள இருக்கறது செத்து, அழுகி, கீழ எலும்பாண்ட வந்துடுச்சு. ரூட் கெனால்னா அந்தக் குழாய சுத்தமா கழுவி, காயவெச்சு, உள்ள அடைச்சுடறது. பல்லு உங்க பல்லாவே இருக்கும்."

டயர் நன்றாக இருக்கிறது, டியூப்தான் போய்விட்டது என்று நான் புரிந்துகொண்டேன். அதை டாக்டரிடம் சொன்னதும் அவர் கண்கள் கொஞ்சம் சிரித்தன. பிறகு கையுறை போட்ட விரலால் என் தாடைக்கு அடியில் அழுத்தினார். நாக்கை நீட்டச் சொன்னார். எச்சில் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது வலித்தது. சிரிப்பு போய்விட்டது.

"அக்கா," என்று மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார், "வீக்கம் தாடைக்குக் கீழ எறங்க ஆரம்பிச்சிருக்கு. கழுத்துக்குப் போச்சுன்னா மூச்சுக்கே கஷ்டம். இன்னைக்கு இங்க ஒண்ணும் பண்ணக்கூடாது. லெட்டர் தர்றேன், இப்பவே கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

ஒரு பல்லால் மூச்சு நிற்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மல்லிகாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கடிதத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தாள். தெருவில் அவள் என் கையைப் பிடித்து நடந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். பயம் அப்போதுதான் உண்மையாக வந்தது.

கதிர்காமத்தில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். கையில் ஊசி குத்தி, பாட்டிலில் மருந்து ஏற்றினார்கள். எந்த ஊசிக்கு இத்தனை வருடம் பயந்தேனோ, அது போட்டு முடித்த பிறகுதான் போட்டதே தெரிந்தது. "முடிஞ்சுதா?" என்று மூன்று முறை கேட்டேன். நர்ஸ், "இன்னொரு தடவ போடட்டுமா?" என்றார். ஈறை மரக்கச் செய்து, சிறிதாகக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் யாரும் சாப்பிட மாட்டீர்கள். ஆனால் அந்த நிமிடமே தாடையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

ஒரு சின்ன டாக்டர் காலையும் மாலையும் வந்து, என் வாயில் விரலை நிறுத்தி வைத்து அளந்தார். மூன்று விரல் நுழைந்தால் வீட்டுக்கு அனுப்புவார்களாம். முதல் நாள் ஒரு விரல். நான் அவரில்லாத நேரத்தில் என் விரலை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் குருசுக்குப்பத்தில் படகு வைத்திருப்பவர், வலை இழுத்தபோது விழுந்து தோள் எலும்பு முறிந்தவர். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா தலைவரே, பசியா?" என்று கேட்டார். அவர் வீட்டிலிருந்து மீன் குழம்பு வரும். வாசனையில் என் கண்ணில் தண்ணீர் வரும். எனக்கு மல்லிகா ஸ்கூட்டரில் கொண்டுவரும் கேழ்வரகுக் கஞ்சி. ஒரு விரல் இடைவெளியில் அவள் ஸ்பூனை விடும் லாவகத்தைப் பார்த்தால், இவள் என் மைதானத்துக்கு வந்திருந்தால் ஒரே வாரத்தில் ரிவர்ஸ் கற்றிருப்பாள் என்று தோன்றியது.

இரண்டாம் நாள் மாலை டாக்டர் நிவேதா முகக்கவசத்தோடு பார்க்க வந்தார். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. கீழ்த்தாடையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா எறங்கிடுச்சு. பல்ல எடுத்துடச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"எடுக்கலாம், ரூட் கெனாலும் பண்ணலாம், ரெண்டும் சரிதான், நீங்களே முடிவு பண்ணுங்கன்னாங்க. நான் எடுத்துடலாம்னு…"

"எடுக்கறதும் ஒரு வழிதான். ஆனா அது நீங்க மெல்ற பல்லு. வேர் நல்லா இருக்கு, காப்பாத்தலாம். யோசிங்க" என்றார். எனக்குக் கைக்குட்டையில் சிரித்த பற்கள் நினைவுக்கு வந்தன. காப்பாற்றலாம் என்றேன்.

அவரை வழியனுப்ப மல்லிகா வராண்டா வரை போனாள். திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகம் சரியில்லை.

"அந்தப் பொண்ணு ஆட்டோல வந்துச்சு."

"அதுக்கு?"

"கார் இல்லியாம்மான்னு கேட்டேன். வீட்ல இருக்குதாம். அவங்க அப்பா வாங்கிக் குடுத்தது. போர்வ போத்தி வெச்சிருக்குதாம், ஆறு வருஷமா. ஓட்டவே பயமாம்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு கத சொல்லுவீங்களே, இந்திரா காந்தி செலையாண்ட சிக்னல்ல ஒரு பொண்ணு கார விட்டு எறங்கி ஓடிப்போச்சுன்னு. அந்தப் பொண்ணுதாங்க இது."

அந்தக் கதையை நான் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புது பேட்ச் வந்தால் முதல் நாளே சொல்வேன். பச்சை விழுந்தும் வண்டி அணைந்து நிற்கிறது, பின்னால் கடலூர் பஸ் கத்துகிறது, நான், "காலா அது, ஒலக்கையா? கிளச்ச உடுன்னா உடணும்!" என்று சத்தம் போடுகிறேன், அந்தப் பெண் கதவைத் திறந்து இறங்கி நடுரோட்டில் நடந்து போய் ஆட்டோ ஏறிவிடுகிறாள், நான் காரைச் சுற்றி ஓடுகிறேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியாகச் சொன்னபோது அவள் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சேர்த்திருந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் முகம் எனக்கு நினைவில்லாமல் போனதில் ஆச்சரியமில்லை. கதையில் அவளுக்கு முகமே வைக்கவில்லை.

மல்லிகா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் மூன்று விரல் நுழைந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். பல் மருத்துவமனைக்குப் போகத்தான் கால் வரவில்லை. இந்த முறை ஊசிக்காக இல்லை.

வீக்கம் முழுதாக வடிந்து, ஒரு வாரம் கழித்து முதல் சிட்டிங். போவதற்கு முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு சில மணி நேரம் உதடு மரத்திருக்கும், சாப்பிட்டால் கன்னத்தையே கடித்துவிடுவோம். செலவு எவ்வளவு, எத்தனை முறை வரவேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதியும் கொடுத்தார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் சொன்னார்:

"மாஸ்டர், எது பண்றதுக்கு முன்னாடியும் சொல்லிட்டுதான் பண்ணுவேன். வலிச்சாலோ, பயமா இருந்தாலோ இடது கையத் தூக்குங்க. நிறுத்திடுவேன்."

ஈறில் ஜெல் தடவி, பிறகு ஊசி. எறும்பு கடித்து, கொஞ்சம் அழுத்தியது போல இருந்தது. ஐந்து நிமிடத்தில் வலது பக்க உதடு உடம்பில் இல்லை. பல்லைச் சுற்றி ஒரு நீல ரப்பர் தாளை மாட்டினார். நடுவில் ஓட்டை, அதில் அந்த ஒரு பல் மட்டும் தலை நீட்டியது. மருந்து தொண்டைக்குள் போகாமலும், எச்சில் பல்லுக்குள் போகாமலும் இருக்கத்தான் அது.

"இப்ப சத்தம் வரும். தண்ணி தெறிக்கும்" என்றார். சத்தம் வந்தது. சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று இடது கையைத் தூக்கினேன். சத்தம் உடனே நின்றது.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி. ஆரம்பிக்கட்டுமா?"

மறுபடி தூக்கினேன். மறுபடி நிறுத்தினார். நான்காவது முறையும் அதே குரலில்தான் கேட்டார். அவருக்கு எரிச்சல் வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு கையைத் தூக்கத் தோன்றவில்லை. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது.

"மாஸ்டர், கால இன்னா பண்றீங்க?"

காரில் நான் உட்காரும் இடது பக்கத்தில் எனக்கென்று தனி பிரேக் உண்டு. ஆபத்து என்றால் வலது கால் தானாக மிதிக்கும். இருபத்து நான்கு வருடப் பழக்கம். அந்தக் கால் நாற்காலியின் முனையை மிதித்து மிதித்து, உதவிக்கு நின்ற பெண்ணின் தட்டைத் தள்ளிவிட்டிருந்தது.

"அங்க பிரேக் இல்ல மாஸ்டர்" என்றார் டாக்டர். "என்கிட்டதான் இருக்கு."

பிறகு ஊசியைவிட மெல்லிய கம்பிகளைக் குழாய்களுக்குள் விட்டு, உள்ளே இருந்த அழுகலைச் சுரண்டி எடுத்தார். கம்பி வேர் நுனிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு சின்ன கருவி. நுனி நெருங்க நெருங்க, பீப் பீப் என்று வேகமாகக் கத்தியது. ரிவர்ஸ் சென்சார்! எனக்கு நன்றாகத் தெரிந்த பாஷை. அதைக் கேட்டதும் உடம்பு தளர்ந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும் மருந்தால் கழுவினார். வலி என்று ஒன்றுமில்லை. உள்ளே யாரோ வேலை செய்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது, மேல் மாடியில் பெஞ்சு நகர்த்துவது கீழே கேட்பது போல.

அந்த அமைதியில், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. ரப்பர் தாள், மரத்த நாக்கு, எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாவற்றுக்கும் நடுவில் வாயை அசைத்தேன்.

"ஆட்டர்… ன்னிச்சுடுங்க."

"இன்னா மாஸ்டர்? தண்ணி வேணுமா?"

"ல்ல. இக்னல். ஒலக்க. ன்னிச்சுடுங்க."

உதவிப் பெண் குழம்பிப்போய் டாக்டரைப் பார்த்தாள். டாக்டருக்கு மட்டும் புரிந்துவிட்டது. கம்பி பிடித்திருந்த கை அப்படியே நின்றது. சென்சார் ஒரே சீராகக் கத்திக்கொண்டிருந்தது.

"பேசாதீங்க, மாஸ்டர். ஃபைல் கம்பி உள்ள இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆடாம இருங்க" என்றார், மெதுவாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. உதவிப் பெண் அது வலி என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

அன்று உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். மரப்பு தெளிந்த பிறகு இரண்டு நாள், அந்தப் பல்லில் கடித்தால் தொட்டாற்சிணுங்கி போல ஒரு வலி. ஒரு மாத்திரையில் அடங்கியது. பத்து நாள் கழித்து இரண்டாம் சிட்டிங். குழாய்களைக் காயவைத்து, மரப்பால் போன்ற ஒரு பொருளால் நுனி வரை அடைத்தார். நான் கையைத் தூக்கவே இல்லை. பாதியில் தூங்கிவிட்டேன் என்று மல்லிகா ஊரெல்லாம் சொல்கிறாள். குறட்டை வந்தது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நரம்பில்லாத பல், அதிலும் சொத்தையால் பாதி போன பல், சுலபமாக உடையும். அதனால் மேலே தொப்பி மாட்ட வேண்டும். அதற்கு அளவெடுக்க, ஒரு தட்டில் பிசைந்த மாவு போல எதையோ வாயில் வைத்து அழுத்துவார்கள். மொத்த வைத்தியத்தில் எனக்குப் பிடிக்காதது அதுதான், குமட்டும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். ஒரு வாரத்தில் தொப்பி வந்தது. நீல கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரம் பார்த்துத் தேய்த்து, ஒட்டினார்கள். வெளியே மிசியே லூர்துசாமி உட்கார்ந்திருந்தார். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மான்யிஃபீக்!" என்றார். பிரமாதமாம். அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

கிளம்பும்போது, மல்லிகாவை முன்னால் அனுப்பிவிட்டு, டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்றேன். இந்த முறை நாக்கு மரத்திருக்கவில்லை. ஆனாலும் தடுமாறியது.

"டாக்டர், காலைல ஆறு மணிக்கு மைதானம் காலியா இருக்கும். நீங்க எப்ப வேணா வாங்க. நானே சொல்லித்தரேன். கத்த மாட்டேன். சத்தியமா."

அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். அன்றுதான் முழு முகத்தையும் பார்த்தேன்.

"மாஸ்டர், நீங்க அன்னைக்கு வாய்ல ரப்பரோட சொன்னது எனக்குப் போதும். மனசுல ஒண்ணுமில்ல" என்றார். "ஆனா உங்ககிட்ட மட்டும் கத்துக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நியாயம்தான்.

இது நடந்து ஒரு மாதமாகிறது. சோளக்கதிர் கடிக்கிறேன், பன்னீர் சோடா குடிக்கிறேன். சிக்னல் கதையை நிறுத்திவிட்டேன். பழைய மாணவர்கள் கேட்டால், "மறந்து போச்சுப்பா" என்கிறேன்.

போன புதன்கிழமை காலையில், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மைதானத்தைவிட்டு ரோட்டுக்கு ஏறும் இடத்தில் ஒரு கார் குறுக்கே நின்றது. வேறொரு டிரைவிங் ஸ்கூலின் கார். சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெண். ஸ்டியரிங்கில் டாக்டர் நிவேதா. வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூன்றாவது முறை இன்னும் வேகமாக அணைந்தது.

வங்கிக்காரரின் கை ஹாரனுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாஸ்டர், எனக்கு ஆபீசுக்கு நேரமாவுது" என்றார்.

"ஆவட்டும்" என்றேன். எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பின்னால் ஒரு பால் வண்டி வந்து நின்றது. நான் இறங்கிப் போய், கொஞ்சம் பொறுங்கள் என்று அதன் டிரைவரிடம் கையைக் காட்டிவிட்டு, அங்கேயே ஓரமாக, டாக்டரின் காருக்கு முதுகைக் காட்டி நின்றேன். நான் பார்க்காமல் இருந்தால் அவருக்குச் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. இந்த முறை அணையவில்லை. கியர் விழுந்தது, கிளச் மெதுவாக, மிக மெதுவாக ஏறியது. காதாலேயே தெரியும் எனக்கு. சத்தம் என்னைவிட்டு விலகி ஏர்போர்ட் ரோட்டில் ஏறிப் போனது.

திரும்பிப் பார்த்தேன். கார் தெருமுனையில் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு, அழகாகத் திரும்பியது.